பூதத்தாழ்வார் ஏற்றிய விளக்கு: ஒரு பொருள் விசாரம்

பொத்தேரி முதலாகச் செங்கற்பட்டு வரையுள்ள ஊர்களில் இந்நாளில் நிகழும் உபந்யாஸங்களில், இன்பம் வெளிப்பொருளில் இல்லை, மனம் கொள்ளும் நோக்கிலேயே உள்ளது என்னும் கொள்கைக்கு இரண்டாந் திருவந்தாதியின் முதற்பாசுரத்தைச் சான்றாக்குவது வழக்கமாகிவிட்டது. ஆழ்வார் அவதரித்த திருக்கடல்மல்லை நமக்கு அண்மையதாதலின் இது அடிக்கடி நம் செவியில் விழுகிறது. பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனை விளக்காகவும் கொண்டார். பூதத்தாழ்வாரோ அன்பை அகலாகவும் ஆர்வத்தை நெய்யாகவும் சிந்தையைத் திரியாகவும் கொண்டார். ஆகவே பின்னவர் புறத்தைத் தள்ளி அகத்தைப் பற்றினார் என்பர். பாசுரம் அதற்கு இடங்கொடாது.

இன்பம் என்பது அங்கே திரியாகிய சிந்தைக்கு விசேஷணமாக நிற்கிறது. ஏற்றப்படும் சுடர் ஞானம், ஏற்றப்படுவது நாரணனுக்கு. இன்பத்தையே பயனாக நாடி ஆழ்வார் உள்ளே திரும்பினார் என்றால் அந்வயமே குலைந்துவிடும். திருக்கோவலூர் இடைகழியில் இருளில் வந்து நெருக்கியவன் யாவன் என்று அறியவன்றோ விளக்குகள் வேண்டின? அகவிளக்கே முடிவாயின், கண்டமை கூறும் பேயாழ்வாரின் அந்தாதி மிகையாகும். மூவர் நிலையையும் முறையே பரபக்தி, பரஜ்ஞானம், பரமபக்தி எனப் பெரியோர் தொடர்புபடுத்துவதும் இங்கு எண்ணத்தக்கது.

இதனினும் வலிய சான்று அவ்வந்தாதியின் 70ஆம் பாசுரம். எம்பெருமானுக்கு உரிய இடங்களைக் கூறப்புகுந்த ஆழ்வார், அடியார் உள்ளத்தை முதலில் வைத்து, தஞ்சை, அரங்கம், தண்கால், திருமலை, பாற்கடல், தாம் அவதரித்த மாமல்லை, கோவல், குடந்தை என அடுக்குகிறார். உள்ளம் முதலில் நிற்பதை மட்டும் காட்டி நிறுத்துவோர் ஏனைய எட்டு இடங்களையும் விழுங்கிவிடுகின்றனர். (பாசுரத்தை முழுதும் ஓதும் பொறுமை மேடையில் அருகிவருகிறது.) அரங்கத்துக்கு ஏற்றம் எதனாலோ அதனாலேயே உள்ளத்துக்கும் ஏற்றம், உள்ளே எழுந்தருளியிருப்பவனை நீக்கினால் அது வெற்றறை.

செல்வம் முதலியவற்றால் வரும் இன்பம் நிலையாது என்பதில் ஆழ்வார்களுக்கு மறுப்பில்லை. உபந்யாஸகர் கூற்றில் அவ்வளவும் மெய். மனத்தின் தீர்ப்பைத் திருத்திக்கொண்டால் கலக்கம் நீங்கும் என்பது ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அவுரேலியஸின் நெறி. அதை அவர் பெயராலேயே சொல்லலாம். நோயிலும் வறுமையிலும் கிடக்கும் ஒருவனிடம், “உன் நோக்கை மாற்றிக்கொள்” என்று ஆழ்வார் பெயரால் சொல்லும்போது, அவனைத் தன் மனத்தோடு தனியே விட்டுவிடுகிறோம். ஆழ்வார் அவனுக்குக் காட்டியவர் மல்லைக் கடற்கரையில் தரைமேல் கிடக்கும் ஸ்தலசயனப் பெருமாள். வரும் ஐப்பசி அவிட்டத்தன்று முதற்பாசுரத்தை விரித்துரைப்போர் 70ஆம் பாசுரத்தையும் உடன் ஸேவித்து, ஒன்பது இடங்களுக்கும் பொருள் உரைக்கட்டும்.