பின்னாலேயே வரும் நாய்

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? பையன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். வசனம் கிடையாது, ஒரு பாட்டு மட்டும். விளம்பரம் என்ற அளவில் அபாரம், குட்டிச் சிறுகதை.

சிக்கல் என்னவென்றால், அதைப் பார்த்து சிம் கார்டு வாங்கினவர்களோடு நாய் வாங்கினவர்களும் உண்டு. அந்தச் சப்பை மூக்கைக் கொஞ்சம் பாருங்கள். நமக்குப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அந்த மூக்கோடு மே மாசத்தில் பெசன்ட் நகர் பீச்சில் உங்களோடு ஜாகிங் வரச்சொன்னால், பாவம், உயிருக்கே ஆபத்து. விளம்பரத்தில் டைரக்டர் 'கட்' சொல்லிவிடுவார். உங்கள் வீட்டில் யார் சொல்வது?

தினம் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற ஆசாமியா நீங்கள்? ராஜபாளையம் இருக்கிறது, 2005-ல் தபால்தலையே போட்டார்கள். (தபால்தலையைப் பார்த்து யார் நாய் வாங்குகிறார்கள்!) சிப்பிப்பாறை இருக்கிறது, முயல் துரத்தவென்றே வளர்த்த ஒல்லி உடம்பு. ஆனால் ஒரு வாரம் ஓடிவிட்டு, மழை என்று நீங்கள் போர்வைக்குள் புகுந்துகொண்டால் அது சும்மா இருக்காது. சோபாவைத் தின்ன ஆரம்பிக்கும்.