காசும் கேஷும்

'ஆங்கிலத்தில் நம்ம வார்த்தைகள்' என்று பட்டியல் போடுபவர்கள் தவறாமல் சேர்ப்பது 'கேஷ்'. 'காசுலேர்ந்துதான் வந்தது, காதுல கேட்டாலே தெரியலையா?' என்பார்கள். கேட்கிறது. ஆனால், சொல்லின் பூர்வீகத்தைத் தேடும்போது காது நம்பகமான சாட்சி இல்லை.

'கேஷா, கார்டா?' என்று கடையில் கேட்கிறார்களே, அந்த கேஷ் லத்தீன் வம்சம். 'காபெரே' என்றால் பிடித்துக்கொள்வது. அதிலிருந்து 'காப்ஸா', அதாவது பெட்டி. இத்தாலியனில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்'. 16-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்ற அர்த்தமும் இருந்தது. போகப்போக பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் மிஞ்சியது. பெட்டி எப்படிப் பணமாகும் என்கிறீர்களா? 'இன்னிக்கு கல்லா எவ்வளவு?' என்று நாம் கேட்பதில்லையா, அப்படித்தான். விழுங்குகிற கேப்ஸ்யூலும் இதே குடும்பம்தான். குட்டிப் பெட்டி!

அப்ப நம்ம காசு? அதுவும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது, வேறு வாசல் வழியாக. போர்ச்சுகீசியர்கள் காசை 'கைஷா' ஆக்கினார்கள். வேடிக்கை, அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி. அதுவும் காப்ஸாவின் பேத்திதான். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் வாங்கி 'கேஷ்' என்றார்கள். இந்த கேஷ் ரொக்கம் அல்ல, சில்லறை நாணயம். கம்பெனி கால சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803-ல் இங்கிலாந்தில் அச்சடித்து இங்கே அனுப்பிய செம்பு நாணயத்தில் '20 கேஷ்' என்றே பொறித்திருந்தது. சீனத்து ஓட்டை நாணயத்துக்கும் இதே பெயர் வைத்தார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்தப் பயணத்தைப் படிப்படியாகச் சொல்கிறது.

ஆக, ஒரே ஸ்பெல்லிங்கில் இரண்டு வார்த்தைகள். ஒன்று ரோமாபுரிப் பெட்டி, மற்றது நம்ம காசு. எந்தக் காலம், யார் கைமாற்றியது, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன அர்த்தம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் தானாகவே பிரிந்துவிடும். பட்டியல்காரர்கள் கேட்பதில்லை. நஷ்டம் தமிழுக்குத்தான். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும், மிளகுத்தண்ணி 'முல்லிகட்டானி' ஆனதும், சுருட்டு 'செரூட்' ஆனதும் அசல் நாணயங்கள். நடுவில் ஒரு கள்ளக்காசைக் கலந்து நீட்டினால், வாங்குகிறவன் நல்ல காசையும் சேர்த்துச் சுண்டிப் பார்ப்பான்.