தலையில்லாத போல்ட்

பைக்கில் சாவி போடுகிற இக்னிஷன் சுவிட்சைக் கீழிருந்து எட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் மேல் தகட்டோடு அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் தலையே இருக்காது. ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டை கிடையாது, ஆலன் கீ நுழையக் குழி கிடையாது. வழவழவென்று ஒரு குமிழ் மட்டும் தெரியும். கம்பெனியில் மாட்டும்போது அதற்கும் ஆறு பட்டைத் தலை இருந்ததுதான். தலைக்கும் குமிழுக்கும் நடுவில் கழுத்து மெலிந்திருக்கும். வேண்டிய அளவு இறுகியதும் கழுத்து முறிந்து தலை தனியே விழுந்துவிடும். பூட்டைக் கழற்றி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போக வருகிறவனுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு அது.

ஆனால் திருடன் மட்டுமா கழற்ற வருகிறான்? பழைய வண்டிக்கு டிஸ்க் பிரேக்கோடு வேறு ஃபோர்க் மாட்ட ஆசைப்படுகிறவன், அந்த மேல் தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய தகட்டிலிருந்து சுவிட்சைப் பிரித்தால்தான் மேற்கொண்டு வேலை. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் வழியாக அன்னவாசல் போய் இலுப்பூர், விராலிமலை என்று நீளும் சாலையில் மெக்கானிக் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு பட்டறை வாசலில் நின்று இந்த வேலையைப் பார்ப்பது எனக்கு ஒரு கச்சேரி கேட்கிற சுகம்.

இதில் ரசிக்க வேண்டிய முதல் விஷயம் யோசனை. போல்ட்டின் காவல் முழுக்கத் தலையில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் மரைக்குக் காவலும் தெரியாது, கள்ளமும் தெரியாது. எந்த மரை உள்ளே போனதோ அதே மரை வழியாக வெளியே வரும். அதனால் நல்ல கைக்காரர் போல்ட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. அதைத் திருப்ப ஒரு பிடி மட்டும் தேடுகிறார்.

தேடல் உளியில் தொடங்குகிறது. குமிழின் விளிம்பை ஒட்டி உளியை நேராக நிறுத்தி ஒரு சின்ன வெட்டு. பிறகு அதே வெட்டில் உளியைப் படுக்கப் போட்டு, போல்ட் கழலும் திசையில், இடப்பக்கமாகத் தட்டுவது. சித்தன்னவாசல் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சாலையில் உளி என்றாலே பேச்சு அங்கே உள்ள குடைவரைக்குப் போய்விடும். கல்லில் உளி வேண்டாததை எடுத்துத் தள்ளுகிறது. இங்கே உளி ஒரு துணுக்கைக்கூட எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் பிடி போயிற்று. வெட்டாமல் தள்ள வேண்டும். அதற்கு முனை கொஞ்சம் மழுங்கியிருக்க வேண்டும், சுத்தியல் சின்னதாக இருக்க வேண்டும், அடி குறுகலாகவும் சுருக்காகவும் விழ வேண்டும்.

உதவிக்கு நிற்கிற பையன், "அண்ணே, இன்னும் ஓங்கி அடிக்கவா?" என்று கேட்டான்.

"வேணாம்டா. சத்தம் மாறுதா, அதைக் கேளு."

இறுகியிருக்கும் போல்ட்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். பிடி விட்டதும் அதே தட்டுக்குச் சத்தம் மொத்தையாகிவிடும். கண்ணுக்கு இன்னும் ஒன்றும் அசையவில்லை, காதுக்குச் சேதி வந்துவிட்டது. அந்த இடத்தில் சுத்தியலை நிறுத்தத் தெரிந்தவரைத்தான் நான் கைதேர்ந்தவர் என்பேன்.

எல்லா போல்ட்டும் உளிக்கு மசிவதில்லை. தகடு அலுமினியம், போல்ட் இரும்பு. மழையும் ஈரமும் பட்டு இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பொடி பூத்துவிடும். அப்போது ட்ரில்தான். குமிழின் நட்ட நடுவில் சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்த வேண்டும். கடினமே அந்தப் புள்ளிதான். உருண்டையின் உச்சியில் பஞ்ச் வழுக்கும். ஒரு மயிரிழை தள்ளினாலும் பிட் சாய்ந்து தகட்டின் மரையைத் தின்றுவிடும். முதலில் அரத்தால் உச்சியைக் கொஞ்சம் தட்டையாக்கிக்கொண்டு குத்துவது நல்ல கைக்கு அடையாளம்.

இனி நடப்பதைப் பார்க்கவே நான் நிற்பேன். எட்டு எம்எம் போல்ட் என்றால் அதே அளவு பிட்டைப் போட்டு மெதுவாக இறக்குகிறார். சுருள் சுருளாக இரும்பு வருகிறது. குமிழின் அடி வரை இறங்கியதும் அது ஒரு மோதிரம்போல பிட்டோடு சுழன்று கழன்றுகொள்கிறது. சுவிட்சைத் தூக்கிவிடுகிறார். தகட்டில் மிச்சம் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது. உளிக்கும் அசையாமல் அடம்பிடித்த அதே போல்ட்டின் கட்டை! அதைக் கட்டிங் பிளேயரால் பிடித்து லேசாக அசைத்துவிட்டு, மீதியை விரலாலேயே சுழற்றி எடுக்கிறார்.

இது மந்திரம் இல்லை. போல்ட்டை முறுக்கும்போது நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பாதி தலைக்குக் கீழே உராய்வதிலேயே செலவாகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்வுக்குப் போகிறது. மீதிப் பத்துதான் போல்ட்டை ரப்பரைப்போல் இழுத்து, இரண்டு பொருளையும் சேர்த்து அமுக்குகிறது. அந்த இழுப்புதான் மரையையும் இறுக்கிப் பிடித்திருந்தது. குமிழ் போனதும் இழுப்பு போய்விடுகிறது, கூடவே உராய்வும். துருவோ மரைப் பசையோ பிடிக்காத வரை, பிறகு அங்கே இறுக்கம் என்று ஒன்றும் இல்லை. ஒட்டியிருந்தால் தகட்டுக்கு மிதமாகச் சூடு காட்டுகிறார்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துளை தளர்ந்து கட்டை விடுபடும். அதுவும் ஆகாவிட்டால் கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங். இடப்பக்கம் சுழன்று அறுக்கும் பிட் ஒன்று உண்டு. துளை போடும்போதே போல்ட்டைக் கழற்றும் திசையில் தள்ளிக்கொண்டே போகும். எல்லாப் பட்டறையிலும் இருக்க வேண்டிய பொருள் அது.

மற்ற காவல் ஸ்க்ரூக்கள் இந்த அளவுக்கு ரசனைக்குத் தீனி போடுவதில்லை. 1967-இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த டார்க்ஸ் என்ற நட்சத்திரக் குழியின் நடுவில் பிற்பாடு ஒரு முளையை நட்டார்கள். நடுவில் ஓட்டை உள்ள கீ இருந்தால் அது கழன்றுவிடும், அவ்வளவுதான். அதைவிட, காவலே நோக்கமில்லாத பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜின் மூடி ஸ்க்ரூ அதிக வித்தை கேட்கும். அதன் கூட்டல்குறிக் குழி ஜப்பானிய அளவு. சாதாரணக் கூட்டல்குறி ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராமல் ஏறி வழுக்கிக் குழியையே அழித்துவிடும். சுத்தியல் அடியைத் திருகலாக மாற்றும் இம்பாக்ட் டிரைவர்தான் அதற்கு மருந்து. கழற்றியதும் அங்கே ஆலன் போல்ட் போட்டுவிடுவார்கள். அந்த மாற்றத்தை நானும் வரவேற்கிறேன்.

இக்னிஷன் சுவிட்சுக்கு மட்டும் ஆலன் போல்ட் வேண்டாம் என்பேன். சாதாரண ஆலன் கீயால் திறக்கிற பூட்டு பூட்டே இல்லை. நான் மதிக்கிற மெக்கானிக் ஆர்சி புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உளியையே எடுக்கிறார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பூட்டிப் பிடிக்கும் ஸ்நாப் லாக்கை அவர் தொடுவதில்லை, எவ்வளவு கேட்டாலும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சொல்வதையும் வந்தவனிடம் எடுத்துச் சொல்கிறார். வேலை முடிந்ததும் புதிய தகட்டில் சுவிட்சை வைத்து, தலை முறிகிற புது போல்ட்டையே போட்டு, தலை விழும்வரை இறுக்குகிறார். அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு மறுபடி முழு வேலையும் இருக்கும். இருக்கட்டும், வண்டி வாசலில் நிற்க வேண்டுமே.