அட்லாண்டிக் தாண்டாத ஜிகினா

1972 மே மாதம் ‘மெட்டல் குரு’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனபோது, மார்க் போலனின் டி. ரெக்ஸ் குழுவுக்கு அது நான்காவது முதலிடம். முதலாவது கிடைத்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே ஜிகினாத் தூளை அப்பிக்கொண்டு 1971இல் பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் அவர் வந்து நின்றதிலிருந்துதான் கிளாம் ராக்கின் கணக்கைத் தொடங்குவார்கள். வெம்ப்ளியில் ரசிகைகள் போட்ட கூச்சலைப் படமாக்க ரிங்கோ ஸ்டாரே கேமராவோடு வந்தார்.

அமெரிக்காவில் இதே போலனுக்கு மிஞ்சியது ஒரு பாட்டு. ‘கெட் இட் ஆன்’, அதுவும் சொந்தப் பெயரில் இல்லை. சேஸ் என்ற உள்ளூர்க் குழுவுக்கு அதே தலைப்பில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருந்ததால், ‘பேங் எ காங்’ என்று பெயர் சூட்டி இறக்கினார்கள். பத்தாம் இடம் வரை போயிற்று. அடுத்து வந்த ‘டெலிகிராம் சாம்’ 67இல் நின்றது. அதன்பின் முதல் நாற்பதுக்குள் போலன் எட்டிப் பார்க்கவே இல்லை.

உதட்டுச்சாயம் பூசிய ஆண்களை அமெரிக்கா ஏற்கவில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கேட்க வசதியான காரணம், ஆனால் ஒட்டவில்லை. கண்மை வழிய மேடையேறிய ஆண் பாடகர் ஆலிஸ் கூப்பர் அதே 1972இல் அங்கே ஏழாம் இடம் பிடித்தார். முகம் முழுக்கச் சாயம் பூசிய கிஸ் குழு சில ஆண்டுகளில் அரங்குகளை நிரப்பியது.

சிக்கல் முகத்தில் இல்லை, வானொலியில் இருந்தது. பிரிட்டனில் பாப் இசைக்கு ரேடியோ ஒன் என்ற ஒரே தேசிய நிலையம். வாரம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. வியாழன் மாலை மூன்று நிமிடம் கிடைத்தால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. அமெரிக்காவிலோ ஊருக்கு ஊர் தனி நிலையம், தனி ரசனை. எஃப்எம் நிலையங்கள் முழு ஆல்பங்களையும் நீண்ட கிட்டார் வாசிப்பையும் விரும்பின. சிங்கிள் தட்டுக்கென்றே சுருக்கிச் செதுக்கிய போலனின் பாட்டு அங்கே தொடங்குவதற்குள் முடிந்துவிடும். ஸ்வீட் குழுவின் ‘லிட்டில் வில்லி’ மூன்றாம் இடம் வரை போனதை எதிர்வாதமாக வைக்கலாம். ஆனால் அது பாட்டின் வெற்றி. பாடியவர்களின் முகம் அங்கே யாருக்கும் மனப்பாடமாகவில்லை.

உழைத்தால் உடைக்கலாம் என்று நம்பியவர்கள் ஸ்லேட் குழுவினர். உள்நாட்டில் ஆறு முதலிடங்களை வாங்கிவைத்திருந்த இந்த வுல்வர்ஹாம்ப்டன்காரர்கள், 1975இல் மூட்டை முடிச்சோடு அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்து ஊர் ஊராக வாசித்தார்கள். பட்டியல் அசையவில்லை. திரும்பி வந்தபோது பிரிட்டனைப் பங்க் பிடித்திருந்தது. 1977இல் வந்த ஆல்பத்துக்கு அவர்களே ‘ஸ்லேடுக்கு என்ன ஆயிற்று’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். தன்னைத்தானே கிண்டலடிக்கும் அந்தத் துணிச்சல் போலனிடம் இல்லாதது.

டேவிட் போவி வேறு கணக்குப் போட்டார். ஜிகி ஸ்டார்டஸ்ட் என்ற தன் கிளாம் வேடத்தைக் கழற்றிப்போட்டு, ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போய் கறுப்பின சோல் இசைக்கலைஞர்களோடு வேலை செய்தார். 1975இல் ‘ஃபேம்’ அமெரிக்காவில் முதலிடம். வென்றவர் போவிதான், கிளாம் அல்ல.

பாட்டுகள் மட்டும் பின்னால் தனியாகக் கடல் கடந்தன. லாஸ் ஏஞ்சலஸின் க்வயட் ரயட் 1983இல் ஸ்லேடின் ‘கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்’ பாட்டை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றியது. ஸ்லேட் பாடியது அங்கே 98ஐத் தாண்டவில்லை. 1977 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்த போலனின் ‘கெட் இட் ஆன்’ பாட்டை 1985இல் பவர் ஸ்டேஷன் குழு ஒன்பதாம் இடத்துக்குக் கொண்டுபோனது, அவரைவிட ஒரு படி மேலே. க்வயட் ரயட் திறந்த வாசலில் நுழைந்த ஸ்லேடுக்கு 1984இல் ‘ரன் ரன்அவே’ இருபதாம் இடம் தந்தது. ஆஸி ஆஸ்போர்னோடு சுற்றுப்பயணமும் கிளம்பினார்கள்; பேஸ் கிட்டார் வாசித்த ஜிம் லீ நோய்வாய்ப்பட, பாதியிலேயே ஊர் திரும்பினார்கள்.