நாமகிரித் தாயாரும் 75 ரூபாயும்

ராமானுஜனைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் எனக்கு ஓர் எரிச்சல் வந்துவிடுகிறது. நாமகிரித் தாயார் கனவில் வருவார், ஹார்டியின் கடிதம் வரும், கப்பல் கிளம்பிவிடும். கடிதத்துக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு வருஷம் மனுஷன் எதைச் சாப்பிட்டார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்தவருக்கு 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ.கூடத் தேறாதவர்; விதிப்படி கிடைக்கவே கூடாது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சிபாரிசு எழுத, சிண்டிகேட் கூடி, விதியைத் தாண்டிக் கொடுத்தது. பதிலுக்குக் கேட்டது மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. நாடகம் அந்த சிண்டிகேட் அறையில்தான் இருக்கிறது. நம் கதைசொல்லிகள் அதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள், அதில் தெய்வம் இல்லையே!

தெய்வமே வராத கதை என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. சங்கரன்கோவிலில் பஸ் ஏறித் தென்காசி போய், செங்கோட்டைப் பக்கம் திரும்பினால் வல்லம். எண்கோட்பாட்டாளர் எஸ்.எஸ்.பிள்ளை 1901-ல் பிறந்த ஊர். அப்பா இறந்தபோது படிப்பு நின்றுபோகாமல் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தவர் சாஸ்திரியார் என்கிற பள்ளி வாத்தியார். அப்புறம் கல்லூரி உதவித்தொகை, 1927-ல் அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை.

1940-ல் பிள்ளை நிரூபித்தது: எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம். 703-ஐ எடுத்துப் பாருங்க. மூன்றின் ஆறாம் அடுக்கு 729, பெரிசாகிப் போச்சு. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. பத்து 64, மிச்சத்துக்கு 63 ஒன்றுகள். 73 வந்தாச்சு. இந்த ஓர் எண்ணுக்குப் பத்தாங்கிளாஸ் பையன் போட்டுவிடுவான். எல்லா எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டத்தான் ஒருத்தருக்கு வருஷக்கணக்கில் சோறு போட வேண்டியிருக்கிறது. இதை வைத்துப் பாலம் கட்ட முடியாது என்று தெரிந்தே போட வேண்டும்.

இப்போது அதைச் செய்கிற தேசிய உயர்கணித வாரியம் 1983-ல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. பகா எண்ணைப் பற்றி யோசிக்கிற பிள்ளைக்கு அணு உலைக்காரர்கள் படியளக்கிறார்கள்! ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரின்ஸ்டனுக்கு ஆய்வு செய்ய அழைக்கப்பட்டுப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வல்லத்திலிருந்து கெய்ரோ வரையிலான அந்த 49 வருஷத்தைச் சொல்லும் ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை. எழுதுகிறவர் சாஸ்திரியாரின் சம்பள நாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.