படம் எடுத்த பிறகு

எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு சிஎம்ஓஎஸ் கேமராவும் இருந்தால் இன்று மொட்டைமாடியிலிருந்தே இரட்டைக் குவேசாரைப் படம்பிடித்துவிடலாம். சப்தரிஷி மண்டலத்தில், என்ஜிசி 3079 கேலக்ஸிக்குச் சற்றுத் தள்ளி, 17ஆம் மேக்னிட்யூட் அளவில் மங்கலாக இரண்டு புள்ளிகள்: 'ஏ', 'பி' பிம்பங்கள். நடுவே 6 ஆர்க்செகண்ட் இடைவெளி. குறுகிய நேரப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து ஸ்டாக் செய்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். இருப்பது ஒரே குவேசார்தான். வழியில் உள்ள ஒரு கேலக்ஸியின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்து இரு பாதைகளில் அனுப்புகிறது. ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளி நம் வீட்டுக் கேமராவில் வந்து விழுவது சாதாரண விஷயமா? அந்தப் பரவசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் படம் எதையும் நிரூபிப்பதில்லை. நெருங்கித் தெரியும் இரண்டு நட்சத்திரங்களும் அப்படியேதான் பதிவாகும். 1979இல் டென்னிஸ் வால்ஷ், ராபர்ட் கார்ஸ்வெல், ரே வேமன் மூவரும் இரண்டு புள்ளிகளின் நிறமாலைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே கோடுகள், ஒரே செம்பெயர்ச்சி. அதுதான் சான்று. வில்லையாக நிற்கும் கேலக்ஸியோ 'பி' பிம்பத்திலிருந்து ஒரே ஒரு ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கிறது. அமெச்சூர் படங்களில் பெரும்பாலும் அதோடு கலந்துவிடும். இதைப் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடலாமே.

இதேபோல் ஒரே குவேசார் நான்காகத் தெரியும் ஐன்ஸ்டீன் சிலுவையில் சிக்கல் பெரிது. நான்கு பிம்பங்களும் 2 ஆர்க்செகண்டுக்குள் அடங்கியவை. சாதாரண இரவில் காற்றின் நடுக்கமே அதைவிட அதிகமாக இருக்கும். காற்று அசையாத இரவுகளில் சிறந்த ஃப்ரேம்களை மட்டும் பொறுக்கியெடுத்து நேர்மையாகப் பிரித்துக் காட்டியவர்கள் உண்டு. அவர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் கூர்மையாக்கும் மென்பொருள் ஒரு கறையைக்கூடப் புள்ளிகளாக உடைத்துவிடும். விடை முன்பே தெரிந்தவர் நான்கு புள்ளி வரும்வரை ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே போகலாம். அதே படத்தில் பக்கத்து நட்சத்திரம் என்ன ஆனது என்று காட்டாதவரை, கூர்மையாக்காத ஸ்டாக்கையும் சேர்த்து வெளியிடாதவரை, அத்தகைய சிலுவையை நான் ஏற்கமாட்டேன்.

இவற்றைவிட என்னை வருத்துவது, ஒருமுறை எடுத்ததும் பட்டியலில் டிக் அடித்துவிட்டு அடுத்த பொருளுக்குத் தாவும் வழக்கம். இரட்டைக் குவேசாரின் உண்மையான சுவை அதன் காலத் தாமதத்தில் இருக்கிறது. 'ஏ' பிம்பத்தில் நிகழும் மாற்றம் 417 நாள் கழித்து 'பி'யில் தெரியும். இந்த எண்ணுக்காக வானியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 540 நாளை ஒட்டியது என்றது ஒரு தரப்பு, 415ஐ ஒட்டியது என்றது மற்றொன்று. 1994 டிசம்பரில் 'ஏ' சட்டென மங்கியதை டோமிஸ்லாவ் குன்டிச் குழுவினர் பதிவு செய்தார்கள். சிறிய எண் சரியென்றால் 1996 பிப்ரவரியில் 'பி' மங்கவேண்டும். மங்கியது. இத்தகைய தாமதத்திலிருந்து பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம் என்று ஷூர் ரெஃப்ஸ்டால் 1964லேயே சொல்லியிருந்தார்.

மங்கல் 0.1 மேக்னிட்யூட் அளவுதான். அதைப் பிடிக்க அழகிய நிறங்கள் வேண்டாம். ஒரே ஃபில்டர், மாறாத ஒப்பீட்டு நட்சத்திரங்கள், தேதியும் நேரமும் குறித்த கூர்மையாக்காத தரவு வேண்டும். பெரிய தொலைநோக்கிகளில் வாரந்தோறும் நேரம் கிடைப்பது அரிது. அமெச்சூருக்கு மேகமில்லாத இரவெல்லாம் சொந்தம். தாமதமும் அவருக்குச் சாதகமானது: 417 நாள் என்பது ஓராண்டும் 52 நாளும். டிசம்பரில் 'ஏ' மாறினால், 'பி'யின் முறை வரும் பிப்ரவரியில் குவேசார் இரவு முழுக்கக் கண்காணிக்க வசதியான நிலையில் இருக்கும்.