கப்பலேறிய ஐயம்: ‘மன்மதன் அம்பு’ ஒரு திறனாய்வு

துப்பறியும் கதை என்றதும் முகம் சுளிக்கும் தமிழாசிரியர் நம்மிடையே இன்றும் உளர். அதனோடு நகைச்சுவையும் சேர்ந்துவிட்டால், அது பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டுவிடும். ஆனால் நகை என்னும் மெய்ப்பாட்டை எட்டனுள் முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர். துப்பறிதலையும் நகையையும் ஒருங்கே இணைத்துத் ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்தவர் தேவன் (1913–1957). அறிவுக் கூர்மையால் அன்றித் தம் பேதைமையாலேயே வெற்றி பெறும் சாம்புவைத் தமிழ் வாசகர் இன்னும் மறக்கவில்லை. எனவே எளிமையான மர்மக் கதை நம் மொழிக்குப் புதியதன்று. அதை அளந்து பார்க்கும் பழக்கமே நம்மிடம் குறைவு. அம்முயற்சிக்கு, உல்லாசக் கப்பலொன்றில் நிகழும் ‘மன்மதன் அம்பு’ என்னும் திரைப்படத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இப்படம் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. கே.எஸ். ரவிக்குமார் இயக்கினார். கதை, திரைக்கதை, உரையாடல் ஆகியவற்றைக் கமல்ஹாசன் எழுதினார். தொழிலதிபர் மதனகோபால், தாம் மணக்கவிருக்கும் நடிகை நிஷாவின்மீது ஐயம் கொள்கிறார். நிஷாவின் இயற்பெயர் அம்புஜாக்ஷி. விடுமுறைக்காக ஐரோப்பா சென்று, தோழி தீபாவுடன் மத்தியதரைக் கடலில் கப்பற்பயணம் மேற்கொள்கிறாள் அவள். அவளைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற படைவீரர் மேஜர் மன்னார் அனுப்பப்படுகிறார். புற்றுநோயால் வாடும் நண்பனின் மருத்துவச் செலவுக்காகவே அவர் இவ்வேலையை ஏற்கிறார். மன்னார், மதன், அம்பு என்னும் மூவர் பெயரையும் தலைப்பிலேயே ஒளித்து வைத்தது ஆசிரியரின் குறும்பு. முதல் துப்பு சுவரொட்டியிலேயே நம் கண்முன் நிற்கிறது. நாம்தாம் அதைக் கவனிப்பதில்லை.

மர்மக் கதைக்குக் கப்பல் ஏன் பொருத்தமான களம் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி, 1937இல் வெளியிட்ட நாவலொன்றில் நைல் நதியில் செல்லும் கப்பலைத் தேர்ந்தார். கரையை விட்ட கப்பலிலிருந்து எவரும் வெளியேற இயலாது. புதியவர் எவரும் உள்ளே நுழையவும் இயலாது. குற்றவாளியும் துப்பறிவோனும் ஒரே கூடத்தில் உண்டு, ஒரே தளத்தில் உலவ வேண்டியவர்கள். ஒளிய இடமின்மையே அங்கு மர்மத்தை வளர்க்கிறது.

‘மன்மதன் அம்பு’வில் கொலையாளி இல்லை, காணாமற்போன நகையும் இல்லை. தேடப்படுவது ஒரு பெண்ணின் ஒழுக்கக் குறை. கண்காணித்த மன்னார், அவளிடம் குறையேதும் இல்லை என்று உண்மையை உரைக்கிறார். குறை இல்லையெனில் கூலியும் இல்லை என்கிறார் மதன். நண்பனின் உயிரை எண்ணும் மன்னார் அதன்பின் பொய்களைப் புனையத் தொடங்குகிறார். படத்தின் உயிர்நாடி இவ்விடமே. ஐயம் கொண்டவன் உண்மையைக் கேட்கவில்லை. தன் ஐயத்திற்குச் சான்று கேட்கிறான். சான்றுக்கு மட்டுமே விலை கொடுப்பவனுக்குச் சான்று எப்படியும் வந்து சேரும். சிரித்துக்கொண்டே நாம் இதைக் கற்றுக்கொள்கிறோம்.

இங்கே வள்ளுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும் என்கிறார் அவர். தெரிந்து தெளிதல் அதிகாரத்திலோ, ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்கிறார். மதன் இவ்விரு அறிவுரைகளையும் ஒருசேர மீறுகிறார். நம்பி மணம் பேசிய பெண்ணை ஐயுறுகிறார். ஆராயாமல் ஒரே ஒற்றனை நம்புகிறார். அரசியலுக்குச் சொன்ன நெறி இல்லறத்திற்கும் பொருந்துவதை மாணவர்க்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

படத்தின் உண்மையான மர்மம் வேறிடத்தில் இருக்கிறது. மன்னாரின் மனைவி ஜூலியட் கார் விபத்தொன்றில் இறந்தவள். அவ்விபத்துக்குத் தன்னையறியாமல் காரணமானவள் நிஷாவே என்பது பயணத்தினிடையே வெளிப்படுகிறது. மன்னாரின் மணவாழ்க்கையைக் காட்டும் ‘நீல வானம்’ பாடலில் காட்சிகள் பின்னோக்கி ஓடுகின்றன. மாந்தர் பின்புறமாக நடக்கின்றனர். உதடுகள் மட்டும் பாட்டோடு இசைந்து அசைகின்றன. இதனை வெறும் படப்பிடிப்பு வித்தை என்று தள்ளிவிடலாகாது. விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னே நடப்பதுதானே துப்பறிதல்! வடிவமும் பொருளும் இவ்வாறு ஒன்றாவதே கலையின் சிறப்பு.

குறைகளும் சொல்லப்பட வேண்டும். முதலாவது, கப்பல் என்னும் களம் முழுமையாகப் பயன்படவில்லை. கடல் கண்ணுக்கு விருந்தாகிறதே தவிரக் கதையை நெருக்கவில்லை. நினைத்தபோது தொலைபேசியில் பேச முடிகிறது; துறைமுகந்தோறும் இறங்கவும் முடிகிறது. இரண்டாவது, முடிவுப் பகுதி வெனிஸ் நகரில் ஆள்மாறாட்டக் கூத்தாகக் கரைந்துவிடுகிறது. மதன் தீபாவோடும், மன்னார் நிஷாவோடும் இணைகின்றனர். ஆனால் பொய்யுரைத்தவரும் பொய்க்கு விலை கொடுத்தவரும் தம் செயலை எதிர்கொள்ளும் காட்சி சிரிப்பொலியில் மறைந்துபோகிறது. ஓர் உயிரிழப்பையும் ஒரு கொடுநோயையும் கதைக்குள் கொண்டுவந்த ஆசிரியர், அவற்றின் கனத்தையும் இறுதிவரை சுமந்திருக்க வேண்டும். மூன்றாவது, உரையாடலில் ஆங்கிலம் அளவிறந்து கலந்துள்ளது. மாந்தரின் வாழ்க்கைச் சூழல் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் தமிழ் கற்பிப்போர் இதனைச் சுட்டாமல் விடுதல் கூடாது.

மலேசியத் தமிழராகிய நமக்கு மற்றொரு வினாவும் எழுகிறது. ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தொலைவில்லாத கிள்ளான் துறைமுகம், 1972இல் இப்பெயரைப் பெறும்வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது. நம் முன்னோருள் எண்ணற்றோர் வந்திறங்கிய இடம் அது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழரை ஏற்றி வந்தது. பின்னர் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில் 1985இல் மூண்ட தீ பலரின் உயிரைப் பறித்தது. ஆதலால் கப்பல் என்றால் பிரிவும் உழைப்பும் துயரமுமே நம் நினைவில் எழுகின்றன. அத்தகைய நாம், கப்பலில் நிகழும் வேடிக்கைக் கதையை ரசிப்பது முன்னோரை மறப்பதாகுமா?

ஆகாது என்பதே என் கருத்து. நாட்கணக்கில் நீண்ட அப்பயணங்களில் கண்ணீர் மட்டுமா இருந்திருக்கும்? தளத்தில் நெருங்கிப் படுத்திருந்த அயலூர்க்காரரிடையே ஐயமும் அரட்டையும் சிரிப்பும் இல்லாமலா இருந்திருக்கும்? முன்னோரைத் துயரத்தின் வடிவமாக மட்டும் காண்பது அவர்களை முழு மனிதராகக் காணாமையே ஆகும். மத்தியதரைக் கடற்கப்பலில் நிகழ்ந்ததைவிடச் செறிவான மர்மக் கதைக்கு ‘ரஜுலா’வின் தளம் இடம் தரும். அங்கே தொலைபேசி இல்லை. நினைத்த இடத்தில் இறங்கவும் வழியில்லை. எவன் எந்தப் பெயரில், எந்தக் கடனை மறைத்து ஏறினான் என்பதே ஒரு கதைக்குப் போதும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இப்படத்தை ஒதுக்கிவிடாமல், வயதுவந்த மாணவரோடும் ஆசிரியர் பயிற்சி மாணவரோடும் சேர்ந்து ஆராயலாம். தலைப்பில் உள்ள துப்பு எது, உண்மை பொய்யாக மாறும் இடம் எது, எங்கே சிரிப்பு அறத்தை மறைத்தது எனும் மூன்று வினாக்கள் தொடக்கத்திற்குப் போதுமானவை. நான்காவதாக, ‘ரஜுலா’வை இடமாகக் கொண்டு ஒரு மர்மச் சிறுகதையை எழுதப் பணிக்கலாம். எழுதுமுன் வீட்டு மூத்தோரிடம் அப்பயணத்தைப் பற்றிக் கேட்டறியச் சொல்லல் வேண்டும். கேட்கச் செல்லும் மாணவர் கதைக்கான செய்தியோடு தம் குடும்ப வரலாற்றையும் அறிந்து திரும்புவர்.